தையலில் குடியிருக்கும் கிருமி

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்து ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: கருவிழி, அதாவது கண்ணின் முன்புறத்துத் தெளிவான தட்டு, மாற்றிய கண்ணும் அதில் பிடித்த கிருமியும். கண்ணாடி நம்பரும் சீனி வருத்தமும் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. செட்டியார் தெருவில் நகைப் பட்டறையில் நாற்பது வருடம் வேலை செய்தவர். இரண்டு வருடத்துக்கு முன் வலது கண்ணில் கருவிழி மாற்றினார்கள். பார்வை நன்றாக வந்து, திரும்பவும் பட்டறைக்குப் போகத் தொடங்கிவிட்டார். போன மாதம் "கண்ணுக்குள்ள மயிர் விழுந்த மாதிரி இருக்கு" என்றார். நாங்கள் பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை. பிறகு கருவிழியின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. கண் பெரிதாகச் சிவக்கவில்லை, நோவும் இல்லை. மூன்று வாரமாக அன்டிபயோட்டிக் துளி விடுகிறோம். புள்ளி போகாதது மட்டுமல்ல, கிளை விட்ட மாதிரிப் பெருத்திருக்கிறது. கிளினிக் டொக்டர் இது கிருமி, ஸ்டெரொயிட் துளியைக் குறைத்துச் சுரண்டிப் பார்க்க வேண்டும் என்கிறார். தனியாரில் காட்டிய டொக்டர் ஸ்டெரொயிட்டைக் குறைத்தால் மாற்றிய கண்ணை உடம்பு தள்ளிவிடும் என்கிறார். நாங்கள் யார் சொல்வதைக் கேட்பது? அப்பா ஆடிவேலுக்கு முதல் சுகமாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்.
— ஒரு மகள், கொட்டாஞ்சேனை

பதில்: "மயிர் விழுந்த மாதிரி" என்று அப்பா சொன்ன அன்றே அவர் நோயைச் சொல்லிவிட்டார். அது மயிராக இருந்திராது, தையலாகத்தான் இருந்திருக்கும்.

மாற்றி வைத்த கருவிழி ஏழரை அல்லது எட்டு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு வட்டத் துண்டு. அதைச் சுற்றிவரப் பெரும்பாலும் 16 தையல். நூல் நைலோன், 10-0 என்று அதற்கு இலக்கம். தலைமயிரை விட மெல்லியது. கல் பதிக்கிற கையுள்ள அப்பாவிடம் சொல்லுங்கள், அவருக்கு உடனே விளங்கும்: கல்லைப் பிடிக்கும் கொக்கி ஒன்று நிமிர்ந்தால் அதில் சேலை நூலெல்லாம் வந்து சிக்குமே, அதே கதைதான். நைலோன் ஒன்றிரண்டு வருடத்தில் உக்கத் தொடங்கும். ஒரு தையல் தளர்ந்தால் அல்லது அறுந்தால் நுனி மேலே வரும், பீளை அதில் சுற்றும், கிருமிக்குத் தங்க இடமும் கிடைக்கும், உள்ளே போக வழியும் கிடைக்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்து மறந்து, பிறகு பட்டுத் தெரிந்துகொண்டேன். 1991. நான் அப்போது ரெஜிஸ்ட்ரார், அதாவது பெரிய டொக்டருக்குக் கீழே பயிற்சியில் இருந்த டொக்டர். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம், பிழை என்னுடையது. மலையகத்திலிருந்து ஓர் அம்மா, கொழுந்து பறித்தவர், கருவிழி மாற்றி ஒன்றரை வருடம். "கண்ணுக்குள்ள சின்ன முள்ளு ஒன்னு இருக்குங்க" என்று இரண்டு கிளினிக்கில் சொன்னார். மாற்றிய கண்ணில் வெள்ளையைக் கண்டதும் உடம்பு தள்ளுகிறது என்று நான் முடிவு கட்டி, ஸ்டெரொயிட் துளியை மணிக்கு ஒரு தரம் என்று கூட்டி எழுதினேன். நாலு நாளில் சிவப்பு வடிந்தது. எனக்குச் சரியான பெருமை. பத்தாம் நாள் அந்த இடம் மெலிந்து, ஓட்டை விழப் பார்த்தது. பெரிய டொக்டர் வந்தார், என்னை ஏசவில்லை. மோவாயை வைத்துக் கண்ணைப் பார்க்கிற மெஷினில் என்னை இருத்தி, ஊசி முனையால் ஒரு தையலைத் தூக்கிக் காட்டினார். அறுந்த நுனியில் பீளை உருண்டையாகச் சுற்றியிருந்தது. அந்தக் கருவிழி போய்விட்டது. அடுத்த வருடம் இன்னொன்று வைத்தோம். முதல் தடவை வந்த பார்வை வரவில்லை.

இனி அப்பாவின் வெள்ளைப் புள்ளி. கண்ணைப் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் சிவப்பும் நோவும் இல்லாமல், மெதுவாக, கிளை விட்டு வளரும் வெள்ளை என்றால் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வரும் ஒரு நோய் உண்டு. பழைய ஃப்ரிஜ்ஜின் ஐஸ் பெட்டிச் சுவரில் படரும் உறைபனி போல, ஊசி ஊசியாக இருக்கும். 1983இல்தான் இதை முதலில் விவரித்து எழுதினார்கள். பெரும்பாலும் இதைச் செய்வது ஸ்ட்ரெப்டோகொக்கஸ் வகையில் ஒரு சாது. உங்கள் வாயிலும் என் வாயிலும் பல்லிடுக்கில் இப்போதும் இருக்கிறது, நல்ல கண்ணில் ஒன்றும் செய்ய மாட்டாது. மாற்றிய கண்ணில் மாதக்கணக்காக ஸ்டெரொயிட் விடுவதால் உடம்பின் காவற்காரர்கள் நித்திரை. அதனால்தான் சிவப்பும் இல்லை. நோவு இல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு: கருவிழியை வெட்டி வைக்கும்போது நரம்புகளும் வெட்டுப்படுகின்றன, உணர்ச்சி திரும்பி வர வருடங்கள் எடுக்கும், முழுக்க வராமலும் போகலாம். ஆகையால் மாற்றிய கண்ணில் "நோவில்லைத்தானே" என்று ஆறுதல்படக் கூடாது.

மூன்று வாரத் துளி ஏன் பிடிக்கவில்லை? இந்தக் கிருமி கருவிழியின் தட்டுகளுக்கிடையில் போய் இருந்துகொண்டு, தன்னைச் சுற்றி ஒரு வழுவழுப்பான போர்வை போட்டுக்கொள்ளும். கிணற்றுப் படியில் பாசி பிடித்திருந்தால் மேலே எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் போகாதல்லவா? அத்துடன் மேல்தோல் மூடியிருப்பதால் துளி உள்ளே இறங்குவதும் குறைவு. இதில் எல்லோரும் செய்யும் தவறு, துளியை மாற்றிக்கொண்டே போவது. மொக்சிஃப்ளொக்சசின் கேட்கவில்லையா, டோப்ராமைசின். அதுவும் கேட்கவில்லையா, இன்னொன்று. கிருமியின் பெயர் தெரியாமல் மருந்தின் பெயரை மாற்றி என்ன பலன்?

கிளினிக் டொக்டர் சுரண்டக் கேட்பது அதற்குத்தான். பயப்படாதீர்கள். விறைப்புத் துளி விட்டு, அந்த மெஷினிலேயே வைத்து, மெல்லிய பிளேட்டால் எடுப்பார்கள். ஒரு பகுதியைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துச் சாயம் போட்டு அன்றே பார்ப்பார்கள். மற்றதை வளர்த்துப் பார்க்க இரண்டு மூன்று நாள், சில கிருமிக்கு இன்னும் கூட. சந்தேகமான தையலை எடுத்து அதையும் ஆய்வுகூடத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கிருமி ஆழத்தில் இருந்தால் மேலே சுரண்டி ஒன்றும் வராது. அப்போது தியேட்டரில் ஒரு சிறு துண்டு வெட்டி எடுப்பார்கள். மூன்று வாரம் மருந்து விட்ட கண் என்பதால், எடுக்க முன் ஒரு நாள் துளியை நிறுத்தி வைக்கவும் கூடும். அது அவர்கள் சொன்னால் மட்டும். நம் சூட்டு நாட்டில் பங்கசை, அதாவது பூஞ்சணக் கிருமியையும் மறக்க முடியாது. பங்கசுக்கு ஸ்டெரொயிட் சோறு போட்ட மாதிரி.

இரண்டு டொக்டர்களும் பயப்படுவது உண்மையான விஷயங்களுக்குத்தான். ஆனால் எது முதல், எது பிறகு என்று ஒரு வரிசை இருக்கிறது. உடம்பு தள்ளத் தொடங்கினால், நேரத்தோடு பிடித்துக்கொண்டால், ஸ்டெரொயிட்டைக் கூட்டித் திருப்பப் பார்க்கலாம். கிருமி கருவிழியைத் தின்று ஓட்டை போட்டால் திருப்புவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. வளர்கிற கிருமி இருக்கிற கண்ணில் ஸ்டெரொயிட்டைக் குறைப்பதுதான் என் கட்சி. அதாவது நான் கிளினிக் டொக்டர் பக்கம். எவ்வளவு, எத்தனை நாளில் என்பதை அவர் கண்ணைப் பார்த்துச் சொல்லட்டும். நீங்களாக வீட்டில் நிறுத்தவும் வேண்டாம், போத்தலில் மிச்சம் இருக்கிறதே என்று தொடரவும் வேண்டாம்.

கிருமி தெரிந்த பிறகு மருந்து வாரக்கணக்கில் போகும். அதற்கும் அசையாவிட்டால் கருவிழிக்குள்ளேயே ஊசி மூலம் மருந்து வைப்பதுண்டு, லேசரால் அந்தப் போர்வையைக் குலைத்துப் பார்த்தவர்களும் உண்டு. கடைசி வழி, கெட்ட பகுதியை வெட்டிவிட்டு இன்னொரு கருவிழி. கிருமியும் சிவப்பும் உள்ள கண்ணில் வைக்கும் கருவிழி தெளிவாக நிலைப்பது குறைவு. அப்போது வைப்பது கண்ணைக் காப்பாற்ற, பார்வைக்கு வைப்பது பிறகு. இதை இப்போதே அப்பாவுக்குச் சொல்லி வையுங்கள். எல்லாம் சரியாக நடந்தாலும் அந்த இடத்தில் ஒரு தழும்பு மிஞ்சும்.

ஆடிவேல்: தேருக்குப் பின்னால் நடக்க வேண்டாம். கற்பூரப் புகை, தேங்காய் சிதறல், சனம். பட்டறையில் மாடி இருந்தால் கண்ணாடி போட்டுக்கொண்டு அங்கிருந்து பார்க்கட்டும். விபூதியை நீங்கள் பூசிவிடுங்கள். அவர் அண்ணாந்து பூசினால் பாதி கண்ணுக்குள்தான் கொட்டும்.

கேள்வி: மாமிக்குக் கருவிழி மாற்றிய கண்ணில் கிருமிப் புண். ஆஸ்பத்திரியில் இரண்டு துளி தந்து, இரவு பகல் மணிக்கு ஒரு தரம் விடச் சொன்னார்கள். எரிகிறது என்று மாமி கத்துகிறார். இரவில் எழுப்பினால் என்னை ஏசுகிறார். குளிசை அல்லது ஊசி தந்தால் என்ன? துளியை ஃப்ரிஜ்ஜில் வைக்கச் சொன்னார்கள், ஏன்?
— மருமகள், தெஹிவளை

பதில்: உங்கள் மாமியின் ஏச்சு உங்களுக்கு, எரிச்சல் மருந்துக்கு. கருவிழியில் இரத்தக் குழாய் கிடையாது, அதனால்தான் அது கண்ணாடி போல் தெளிவாக இருக்கிறது. குளிசை இரத்தத்தில்தான் ஓடும். வாசல் வரை வரும், உள்ளே போகாது. துளி நேரே படும். அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள இடத்துக்கு அதை விடக் கிட்டிய வழி இல்லை. கண்ணுக்குள் ஆழமாகக் கிருமி போனால் வேறு கதை.

அந்தத் துளி பாமசியில் விற்பதல்ல. ஊசிக்குரிய தூளைக் கரைத்து ஆஸ்பத்திரியிலேயே செய்வது. செஃபசோலின், வன்கொமைசின் என்றால் பெரும்பாலும் ஒரு மில்லிலீட்டரில் 50 மில்லிகிராம் அளவில், அதாவது நல்ல காரமாக. அதனால் எரியும். கரைத்துச் செய்த மருந்து என்பதால் கெதியில் பழுதாகும். ஃப்ரிஜ்ஜின் கீழ்த் தட்டில் வையுங்கள், ஐஸ் பெட்டியில் வேண்டாம். போத்தலில் எழுதிய திகதி தாண்டினால் மிச்சம் இருந்தாலும் எறியுங்கள். 2022 மின்வெட்டு நாட்களில் மட்டக்குளியில் ஒரு தாத்தா ஈரத் துணி சுற்றிய மண்சட்டிக்குள் போத்தலை வைத்துச் சமாளித்துவிட்டு, அதை எனக்குக் கொண்டுவந்தும் காட்டினார். அவருக்கு நான் முழுப் புள்ளி போட்டேன்.

இரண்டு துளிக்கும் இடையில் ஐந்து நிமிடம் விடுங்கள். உடனே விட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவி விடும். போத்தல் நுனி இமையில் முட்டக் கூடாது. 2023இல் அமெரிக்காவில் செயற்கைக் கண்ணீர்ப் போத்தல் ஒன்றில் எந்த மருந்துக்கும் இலேசில் மசியாத சூடோமொனாஸ் கிருமி புகுந்து, பலர் பார்வை இழந்தார்கள், சிலர் இறந்தும் போனார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த போத்தலே அப்படியென்றால் நம் வீட்டு மேசைப் போத்தலை எப்படி நம்புவது?

இரவில் எழுப்புவது முதல் இரண்டு நாளுக்கு முக்கியம். 48 மணித்தியாலத்தில் அல்லது மூன்றாம் நாளில் புண்ணின் ஓரம் கூர்மையாகி, பரவாமல் நின்றால் நல்ல அறிகுறி. வெள்ளை மறையக் காத்திருக்காதீர்கள், அது வாரக்கணக்கு. அதன்பின் டொக்டர் துளியைக் குறைத்தால் "கிருமி இன்னும் இருக்குமோ" என்று நீங்களாகக் கூட்டி விடாதீர்கள். காரமான துளியே கருவிழியின் தோலை வளரவிடாமல் அரிக்கும். ஆறாத புண் என்று அனுப்பிய சில கண்களில் கிருமி செத்து ஒரு வாரம். மருந்துதான் புண்ணைப் பிடித்து வைத்திருந்தது. குறைத்தோம், மூடிக்கொண்டது.

இன்னொன்று. மாமியின் கண் மூக்கோரத்தில் நீர் வடிகிறதா? அடுத்த கிளினிக்கில் "இந்த மூலையை ஒருக்கால் அமத்திப் பாருங்கோ டொக்டர்" என்று சொல்லுங்கள். கண்ணீர்ப் பையில் சீழ் இருந்தால் பிதுங்கி வரும். அது இருக்கும் வரை எந்தத் துளியும் ஓட்டைப் பானையில் தண்ணீர்தான். மூன்று தரம் கிருமி வந்த ஒருவரில் நாலாவது தரம்தான் நாங்கள் அமத்திப் பார்த்தோம் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

கேள்வி: நந்தியாவட்டைப் பூச்சாறு, தாய்ப்பால் இரண்டும் கண்ணுக்குக் குளிர்ச்சி என்று அம்மம்மா சொல்கிறா. மாற்றிய கண்ணுக்கு விடலாமா?
— மட்டக்குளி

பதில்: கூடாது. பூச்சாற்றில் பற்றீரியாவும் பங்கசும், பாலில் கிருமிக்குச் சாப்பாடு. அம்மம்மாவுக்கு வருத்தமாக இருந்தால் பூவைச் சாமிக்கு வையுங்கள். பாமசியில் "கண் சிவந்திருக்கு" என்று கேட்டு வாங்கும் துளியும் இதே கணக்குத்தான். பலதில் ஸ்டெரொயிட் கலந்திருக்கும், இரண்டு நாள் வெளுக்கும், பிறகு என்ன நடக்கும் என்று மேலே 1991இல் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணாவுக்குக் கருவிழி வைத்து ஏழு மாதத்தில் கிருமி. செத்தவரின் கண்ணிலிருந்து வந்திருக்குமோ என்று வீட்டில் ஒரே பேச்சு. அண்ணி சாந்தி செய்ய வேண்டும் என்கிறா.
— வெள்ளவத்தை

பதில்: தந்தவர் மேல் பழி போடாதீர்கள். தந்த கண்ணோடு கிருமி வருவது உண்டு, ஆனால் அரிது. வந்தால் பெரும்பாலும் நாட்கள், வாரங்களுக்குள் காட்டிவிடும். ஏழு மாதத்துக்குப் பிறகு வந்தது என்றால் தையலையும் இமையையும் கண் வறட்சியையும் துளிப் போத்தலையும் தேடுங்கள். எடுத்த கருவிழியை ஐயோடின் கரைசலில் கழுவி, அன்டிபயோட்டிக் கலந்த திரவத்தில், 4 பாகை குளிரில் வைப்பார்கள். 14 நாள் வரை இருக்கும்.

1905 டிசம்பரில் எட்வர்ட் சிர்ம் என்ற டொக்டர், இப்போது செக் நாடாக இருக்கும் ஒலொமௌட்ஸ் நகரில், சுண்ணாம்பு பட்டுக் கண் கெட்ட ஒரு தொழிலாளிக்கு வெற்றிகரமாகக் கருவிழி வைத்தார். அன்று அன்டிபயோட்டிக்கும் இல்லை, ஸ்டெரொயிட்டும் இல்லை. நம் ஊரில் டொக்டர் ஹட்சன் சில்வா 1961இல் கண் தான சங்கத்தைத் தொடங்கினார். 1964இல் சிங்கப்பூருக்குக் கண் போனது, பிறகு எத்தனையோ நாட்டுக்கு. எங்கள் கண்ணப்பரை நாங்கள் மேடையில்தான் பேசுகிறோம், சிங்கள அயலவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். கண்ணப்பருக்குத் தையலும் தேவைப்படவில்லை, அது வேறு. அண்ணி சாந்தி செய்யட்டும், தந்த ஆத்மாவுக்கு ஒரு நன்றியாக இருக்கும். அண்ணாவை அதற்கு முதல் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.

கேள்வி: கருவிழி மாற்றி மூன்று வருடம். தையல் இன்னும் இருக்கிறதாம். தானாகக் கரையாதா? இப்போது ஒரு கரைச்சலும் இல்லை, கிளினிக்குக்குப் போய் ஒரு வருடமாகிறது.
— பம்பலப்பிட்டி

பதில்: கரையாது. நைலோன் உக்கும், அறும். அறுந்ததைக் கிருமி வர முன்னம் எடுக்க வேண்டும். மெஷினில் வைத்து இரண்டு நிமிட வேலை, எடுத்த பிறகு சில நாள் அன்டிபயோட்டிக் துளி. எல்லாவற்றையும் எடுப்பதா சிலதை விடுவதா என்பது பார்வையையும் பொறுத்தது, அதை டொக்டர் சொல்வார். ஒரு வருடம் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள். அதற்குள் சிவப்பு, வெளிச்சம் கூசுதல், பார்வை மங்கல், நோவு, மயிர் விழுந்த மாதிரி உறுத்தல், இதில் ஒன்று வந்தாலும் கிளினிக் நாள் பார்க்க வேண்டாம், அன்றே போங்கள்.